பெரிய ற

ஓமன் சீட்டை மட்டும் டீச்சர் சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால் செருகியிருந்தாள்.

யார் கைக்கும் எட்ட வேண்டாம் என்றுதான்.

மற்ற இருபது நாடுகளும் சுலபமான இடங்களில் இருந்தன. பிரேசில் குப்பைக்கூடைக்கு அடியில். ஜப்பான் ஜன்னல் கொக்கியில். ஐந்தாம் வகுப்பு முழுக்கத் தரையில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தது.

கிடைத்த சீட்டை உலகப்படத்தில் ஒட்டி, கரும்பலகையில் அந்த நாட்டைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். முதலில் முடிப்பவருக்கு டீச்சர் மேசையிலுள்ள உலக உருண்டை, ஒரு வாரத்துக்கு. எழுத்துப் பிழை வந்தால் அவுட்.

விதி அவள் போட்டதுதான்.

தமயந்தி பெஞ்சின் மேல் ஏறினாள். நேராகக் கடிகாரத்துக்குப் பின்னால் கைவிட்டாள்.

அதை டீச்சர் யோசிக்கவில்லை. இந்த வகுப்பில் ஓயாமல் மணி பார்க்கிற பிள்ளை தமயந்திதான். இங்கே பத்தரை என்றால் அங்கே ஒன்பது.

அவள் அம்மா ஓமனில், மஸ்கட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். ஐந்து மாதமாகப் போன் இல்லை. ஒன்னை மறந்துட்டு ஒங்கம்மா ஒட்டகத்தை வளக்குறாங்க என்று கிளாட்வின் சொல்லி, போன வாரம்தான் அடிதடி.

ஓமன் படத்தில் ஒட்டியாயிற்று.

தமயந்தி நிதானமாக எழுதினாள்.

என் அம்மா அக்கறையில் இருக்கிறார்.

கிளாட்வின் கையைத் தூக்கினான். கடலுக்கு அந்தப் பக்கம் என்றால் சின்ன ர. இவள் போட்டது பெரிய ற. ஆகவே அவுட். 'இக்கரைக்கு அக்கரை பச்சை'யில் இதே தப்புக்குத் தான் இருபத்தைந்து தடவை இம்போசிஷன் எழுதியதையும் சொன்னான்.

நியாயம்தான்.

டீச்சர் டஸ்டரை எடுத்தாள்.

தமயந்தி பலகையை விட்டு நகரவில்லை. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, மடிப்பு கிழிந்த ஒரு தாளை நீட்டினாள். ஊருக்கு வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்த கடிதம். ஒன்றே ஒன்று.

அம்மா அக்கறையில் நல்லா இருக்கேன் கண்ணு. நீ இக்கறையில் நல்லாப் படி.

"அம்மா இப்படித்தான் டீச்சர் எழுதுவாங்க."

டீச்சர் தாளை அதே மடிப்பில் மடித்துக் கொடுத்தாள். டஸ்டரைக் கீழே வைத்தாள். உருண்டையைத் தூக்கி தமயந்தி கையில் கொடுத்தாள்.

கிளாட்வின் விடவில்லை. அப்படியானால் இனிமேல் அவனும் பெரிய ற போடலாமா?

"உங்கம்மா எங்கடா இருக்காங்க?"

"வீட்ல, டீச்சர்."

"அப்ப நீ சின்ன ர போடு."

யாரோ சிரித்தார்கள்.

கிளாட்வின் சிரிக்கவில்லை. கரும்பலகையை இன்னொரு தடவை, எழுத்துக் கூட்டி வாசித்தான்.

பிறகு மெதுவாக உட்கார்ந்தான்.