புற்றுக்குள் போன துளி

வடிவு டீச்சரின் கையை நோக்கிக் குழாயில் இறங்கிக்கொண்டிருந்த மருந்துத் துளி பாதி வழியில் நின்றுவிட்டது. டீச்சருக்குப் புற்று என்று கேட்டதிலிருந்து அதற்கு ஒரே நடுக்கம்.

கையிலிருந்து குழாய்க்குள் சற்றே மேலேறி வந்திருந்த இரத்தத் துளியிடம், "அக்கா, உள்ளே பாம்பு இருக்குமா?" என்று கேட்டது.

இரத்தத் துளி சிரித்துவிட்டது. "அந்தப் புற்று இல்லை தம்பி! ஆனால் உள்ளே அழற்சி அதிகம், உடம்பே கொதிக்கிறது. இந்தக் கொதிப்பில் மருந்து பலிப்பது சிரமம் என்று, இரத்தத்தைச் சோதித்த டாக்டரே சொன்னார்."

"அப்படியென்றால் டீச்சர் பிழைக்கமாட்டாரா?"

"சிரமம் என்றுதான் சொன்னார்."

"இதைச் சொல்லவா அக்கா இவ்வளவு தூரம் ஏறி வந்தாய்?"

"இல்லையடா, உன்னைக் கூட்டிப்போக வந்தேன்."

நர்ஸ் பாட்டிலை உயர்த்தி மாட்டினார். இரண்டு துளிகளும் சேர்ந்தே இறங்கின.