தினம் ஒரு சீட்டு

"அப்ப இந்தச் சீட்டு சொன்னாத்தான் நீ என்கூட வருவியா? அதுக்குள்ள அவன் ஒன்னைய கொன்னே போட்டுருவான்டி!"

நாகலெட்சுமி கத்தினாள். மகள் பிரியந்தினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சீட்டுக்கட்டைக் கலைத்து, நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பாயில் வைத்தாள். அவள் உதட்டோரம் வீங்கியிருந்தது. மாமியார் வந்து தங்கியிருக்கிறாளே என்றுகூடப் புருஷன் ஜீவராஜ் பார்க்கவில்லை. நேற்றிரவு குழம்பில் உப்பில்லை என்று பளார் பளாரென்று இரண்டு அறை விட்டிருந்தான்.

"ஒரு நாளு விடாம எடுக்கணும்மா. எடுத்து எழுதணும். அந்த வெள்ளைக்கார நோனா அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

நல்லதண்ணி ஊரில் மலை ஏற வருகிறவர்கள் தங்கும் விடுதியில் அறை கூட்டுகிற வேலை பிரியந்தினிக்கு. போன சீசனில் வந்த ஒருத்தி, டாரட் என்ற இந்தப் படச்சீட்டுக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தினம் காலையில் ஒன்று எடுக்க வேண்டுமாம். நோட்டுக் கொப்பியில் குறிக்க வேண்டுமாம். மனசு தெளியுமாம். நல்லாத் தெளிந்தது போங்கள்!

"நம்ம ஊரு வட்டகொடைக்கு வந்துரு புள்ள. நம்ம லயத்து வீட்டுல ஒனக்கு ஒரு மூலையா இல்ல?"

"சுலக்ஷனாவ விட்டுட்டா?"

நாலு வயசுப் பேத்தி சுலக்ஷனாவை ஜீவராஜ் தினம் விடிந்ததும் தூக்கிக்கொண்டு போய்த் தன் அம்மா வீட்டில் விட்டுவிடுவான். பிள்ளை அங்கே இருக்கும் வரை பெண்டாட்டி எங்கேயும் போகமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

பொலிஸ் வரைக்கும் ஒருதரம் போய்ப் பார்த்தாயிற்று. என்றைக்கு அடித்தான், எத்தனை தரம் அடித்தான் என்று கேட்டார்கள். பிரியந்தினி அழுதாளே ஒழிய ஒரு தேதி சொல்ல வரவில்லை. சமாதானம் பேசி அவனோடேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு இவள் எழுதி ஒளித்து வைத்த புகார்க் கடிதத்தை அவன் கண்டுபிடித்து அடுப்பில் போட்டான். போனையும் தினம் நோண்டுவான். சீட்டுக்கட்டை மட்டும் தொடமாட்டான். என் பொண்டாட்டிக்குச் சீட்டுப் பைத்தியம் என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பதோடு சரி.

பிரியந்தினி என்னவோ எழுதிவிட்டுக் கொப்பியை மூடினாள்.

"பீலித் தண்ணியில குளிச்சிட்டு வந்துர்றேம்மா. தேத்தண்ணி ஊத்தி வைங்க."

அவள் தலை மறைந்ததும் நாகலெட்சுமி கொப்பியைத் திறந்தாள்.

'மார்ச் 4, வாள் மூணு. மார்ச் 6, வாள் அஞ்சு. மார்ச் 11, இடிஞ்ச கோபுரம்.'

பக்கத்துக்குப் பக்கம் வாள்தான். கடைசியாக எழுதியிருந்ததும் 'வாள் ரெண்டு'. பாயில் கிடந்த சீட்டிலோ ஒருத்தி கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாளையே காணோம். வெள்ளைக்காரச் சீட்டுக்கு என்ன கணக்கோ, யார் கண்டது?

"பொழுது விடிஞ்சா வாளு, வாளு! எப்பிடி வெளங்கும் இந்தக் குடும்பம்?"

பத்து வகுப்புப் படித்த பெண் இப்படிப் புத்தி பேதலித்து, அடிபட்டு, சீட்டைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் செத்துப்போவாள். இந்தப் பீடைதான் அவளை இங்கே கட்டிப் போட்டிருக்கிறது என்று நாகலெட்சுமிக்கு உறுதியாகிவிட்டது. அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. கொப்பியைத் தாள் தாளாகக் கிழித்துச் செருகினாள். குப்பென்று பிடித்துக்கொண்டது. அட்டையையும் அவள் விடவில்லை. கேத்தலில் தண்ணீர் கொதித்தது.

குளித்து வந்த பிரியந்தினி நல்ல சீலை ஒன்றைக் கட்டினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள்.

"கிளம்புங்கம்மா. பத்து மணி பஸ்ஸுக்குப் போயிருவோம்."

நாகலெட்சுமியால் நம்ப முடியவில்லை. முருகா! எரித்த கையோடு பீடை விலகிவிட்டதே! தேத்தண்ணியை ஊற்றி மகளிடம் நீட்டினாள்.

"அப்ப... புள்ள?"

"கோர்ட்டுல சொல்லி வாங்கித் தர்றேன்னு லோயர் அம்மா சொல்லியிருக்காங்க. அவரு அடிக்கிறத அன்னன்னைக்கே தேதி போட்டுக் குறிச்சு, ஒரு வருஷத்துக்குக் கொண்டாரச் சொன்னாங்க. நேத்தோட வருஷம் முடிஞ்சிருச்சும்மா." பிரியந்தினி சிரித்தாள். உதடு வலித்திருக்க வேண்டும், உடனே நிறுத்திக்கொண்டாள். "நீங்க கோவத்துல அவருகிட்ட கொட்டிருவீங்கன்னுதான் ஒங்ககிட்டகூடச் சொல்லல. சீட்டெல்லாம் அவரு கண்ணுக்குத்தான். வாள் ரெண்டுன்னா ரெண்டு அடி. கோபுரம்னா ஆசுபத்திரி. எங்கம்மா அந்தக் கொப்பி? எடுங்க."

நாகலெட்சுமி அடுப்பைப் பார்த்தாள். அந்தக் கொப்பியை எரித்துப் போட்ட தேத்தண்ணி மகள் கையில் இன்னும் ஆறவில்லை.