எல்வின் பார்த்த மூன்று துப்பாக்கிகள்

கடையில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் நார்மா, கடைக்காரி. கணப்படுப்பை ஒட்டிய நாற்காலியில் ஹார்லன், ஓய்வுபெற்ற தபால்காரர், பதினோரு வருடமாகக் காப்பி குடிக்க மட்டுமே கடைக்கு வருகிறவர். நார்மாவின் நாய், தூக்கத்தில். மேசைக்கு இந்தப் பக்கம் எல்வின்.

சனிக்கிழமை ஒரு மணிக்குக் கடை மூடிவிடும். மணி பன்னிரண்டரை.

பச்சைத் துணிமேல் மூன்று துப்பாக்கிகள். மூன்றும் விசைக்கு அடியில் லீவர் வைத்தவை. மூன்றும் சின்ன ரவை போடுகிற பாயிண்ட் டூ-டூ. மான் வேட்டைக்கு ஆகாது. தகர டப்பா சுடலாம், காகித வட்டம் சுடலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைச் சுட்டே தீர்க்கலாம்.

இன்றைக்கு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும். எல்வின் அதற்காகத்தான் வந்திருந்தான். வழியெல்லாம் வேறு எதையும் நினைக்காமல் வண்டி ஓட்டினான்.

நார்மா முதலாவதன் லீவரைத் திறந்து, உள்ளே காலி என்று அவனுக்கும் காட்டிவிட்டு நீட்டினாள். புதிதாக வந்தவனிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இது எட்டுப்பட்டைக் குழல். முன்பக்கம் கனக்கும். அந்தக் கனந்தான் கைய ஆடவிடாது."

இரண்டாவது குட்டை, இலேசு. நடந்துகொண்டே சுடுகிறவனுக்கு நல்லது. தூரத்து டப்பாவுக்கு நிலைகொள்ளாது.

மூன்றாவதன் மரக்கட்டை, கன்னம் படுகிற இடத்தில் தேய்ந்து மழமழவென்று இருந்தது. எல்வின் லீவரைக் கீழே தள்ளினான், மேலே இழுத்தான். சத்தம் வந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. பின்னால் எழும்பிய சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்கினான். ரவை இல்லாமல் அடித்தால் இந்த வகையின் உள்விளிம்பு நசுங்கிவிடும். கை எதையும் மறக்கவில்லை.

கட்டையில் கன்னத்தை வைத்தான். கடை நழுவிப்போனது.

சரளைக் குழி. பலகைமேல் ஆறு பீச் பழ டப்பாக்கள். மொன்டானாவின் செப்டம்பர் வெயில். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு டப்பா மெதுவாக எழும்பி, காற்றில் புரண்டு, விழ மறந்து அங்கேயே நிற்கிறது. அடுத்ததும் நிற்கிறது. அதற்கடுத்ததும். ஓட்டைகள் வழியே வெயில் புல்லில் புள்ளிபுள்ளியாகச் சொட்டுகிறது.

சுடுகிறவன்தான் அங்கே இல்லை.

"டேய், இறக்குடா அத. கழுத்து சுளுக்கிக்கப்போவுது," என்றார் ஹார்லன். "போன சனிக்கிழமையும் இதே மூணுதான். அதுக்கு முந்தின சனிக்கிழமையும் இதே மூணுதான். என் ரெண்டு கல்யாணத்துக்கும் சேத்தே நான் இவ்வளவு யோசிக்கல."

"அதான் ரெண்டும் நிக்கல," என்றாள் நார்மா.

எல்வின் சிரித்தான். வண்டியில் பழகிப் பார்த்த சிரிப்பு. நன்றாகவே வந்தது.

"இத எடுத்துக்கிறேன் நார்மா."

நார்மா பச்சைத் துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"எங்க சுடப்போற?"

"சரளைக் குழிலதான். சும்மா, டப்பா."

"ரவை எவ்வளவு வேணும்?"

"ஒரு சின்னப் பெட்டி போதும். அதுவே மிச்சமாயிடும்."

ஹார்லனின் கோப்பை பாதி வழியில் நின்றது.

சின்னப் பெட்டியில் ஐம்பது. டப்பா சுடப்போகிறவன் ஐந்நூறு வாங்குவான், போதவில்லையென்று திரும்பவும் வருவான். மிச்சமாகும் என்று யாரும் சொன்னதில்லை. எல்வினுக்கும் அது தெரியும். எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்தவன் இதை மட்டும் விட்டுவிட்டான்.

நார்மா கையை நீட்டினாள். பிடுங்கவில்லை. அவனே கொடுத்தான்.

மூன்றையும் பின்னறைக்கு எடுத்துப்போனாள். விற்கிற துப்பாக்கிகள் கடைச் சுவரில் இருந்தன. பின்னறை இரும்பு அலமாரியில் இருப்பவை விற்பனைக்கு அல்ல. மனசு சரியில்லாத காலத்தில் வீட்டுத் துப்பாக்கியைத் தெரிந்த கடையில் விட்டுவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

மூன்றும் எல்வினுடையவை.

பிப்ரவரியில் ஒரு காலை, கம்பளியில் சுற்றி அவனே கொண்டுவந்து இறக்கினான். தன் வீட்டில் தன்னோடு இவை இருந்தால் விடியும்வரை தான் இருப்பான் என்று அவனுக்கு நம்பிக்கை இல்லை. அதை அந்த வார்த்தைகளிலேயே நார்மாவிடம் சொன்னான். தனியாக வந்து கேட்டால் கொடுக்காதே என்றும் சொன்னான்.

"உங்க அக்காவோட வா," என்றாள் நார்மா, திரும்பி வந்து. "அவ சரின்னா அன்னிக்கே தரேன்."

"நான் கெஞ்சினா?"

"கெஞ்சினாலும் தராதன்னு நீதான சொன்ன."

அவன் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

ஹார்லன் எழுந்து கோட்டை மாட்டினார்.

"வாடா. உங்க அக்கா வீட்டுக்குப் போலாம். அவ சமையல் வாயில வைக்க முடியாது, ஆனா சூடா இருக்கும். உன் வண்டிலதான் வரேன், என்னுது பனியில செத்துக் கிடக்கு."

வெளியே பனியில் பட்டுத் தெறித்த வெளிச்சம். கண் கூசியது. ஹார்லன் அவன் சட்டைக் கையைப் பிடித்தபடியே வெளியே வந்தார். பிடியை விடவில்லை.

பின்னால் நார்மா கதவைச் சாத்தினாள். முதலில் சாவி திரும்பியது. கொஞ்சம் கழித்து மேல்தாழ்ப்பாள் விழுந்தது.

இரண்டாவது சத்தமும் கேட்ட பிறகுதான் எல்வின் படியை விட்டு இறங்கினான்.