மன அடி

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் லிபின் வீட்டு மொட்டைமாடியில் நண்பர்கள் பகடை உருட்டிக் கதை விளையாடினார்கள். பெங்களூரிலிருந்து அந்த விளையாட்டைக் கொண்டுவந்த லிபின்தான் கதையை நடத்தினான். கதையில் பிரிஜா ஆடிய வீராங்கனையைச் சூனியக்காரன் தாக்கினான்.

"மன அடி மக்கா. ரத்தம் வராது, பிரியப்பட்ட ஒரு பேரு மறந்துபோவும். எழுதி வெட்டு," என்றான் லிபின்.

பிரிஜா சிரித்துக்கொண்டே தன் தாளில் ஒரு பெயரை எழுதி வெட்டினாள்.

சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் அப்பா வழக்கம்போல் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஜெபித்தார். பிரிஜாவுக்கு அடுத்து இன்னொரு பெயர் வந்தது. எங்கோ எழுதிய பெயர்போல் இருந்தது. ஒரே மகளான பிரிஜா கண்ணைத் திறந்தாள். அவள் பாயிலேயே, அம்மாவின் சாடையில் ஒருத்தி முழங்காலிட்டிருந்தாள்.

"கண்ண மூடுக்கா," என்றாள் அவள் மெதுவாக. "அப்பா பாக்கியாரு."