நாற்காலிச் சண்டை

"எந்திரிங்க சார், அது என் நாற்காலி!"

கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரயில் டிரைவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு எதிரே நின்றது கணக்கு டீச்சர். இருவரும் ஓய்வுபெற்று எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் அந்த முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் பழைய வேலைதான் பெயர்.

வந்ததிலிருந்து டிரைவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மனைவி போனபிறகு ஒண்டிக்கட்டையாகக் கிடந்தவர் குளியலறையில் வழுக்கி விழ, மகள்தான் பிடிவாதமாகக் கொண்டுவந்து சேர்த்தாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்து பாருங்கப்பா. பிடிக்கலேன்னா வீட்டுக்கே போயிடலாம்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அவரும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. காலையில் உடற்பயிற்சி, மாலையில் பாட்டு, கேரம் என்று மற்றவர்கள் அடித்த கொட்டமெல்லாம் அவருக்குச் செவிடன் காதில் ஊதிய சங்கு. வீடு வெறிச்சோடிக் கிடந்தால் என்ன, தன் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

"உங்க பேரு எழுதி ஒட்டியிருக்கா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு தன் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"பேரு எதுக்கு? நான் எவ்வளவு காலமா இதுல உட்கார்றேன்னு பல் டாக்டரைக் கேளுங்க."

மருந்துக்கும் ஒரு பல் இல்லாத அந்தப் பல் டாக்டர், "என்னை ஏன் இழுக்கறீங்க?" என்று செய்தித்தாளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

"இத்தனை வருஷம் வண்டி ஓட்டினீங்களே சார், நகரத் தெரியாதா?" என்றார் டீச்சர்.

"சிக்னல் விழாம நான் நகர மாட்டேன்!"

கூடமே சிரித்தது. டிரைவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் அவர் விடிந்ததும் முகச்சவரம் செய்துகொண்டு, முந்தி வந்து இடம் பிடித்தார். கூடம் நிறைய ஆள் இருந்தும் அந்த நாற்காலி மட்டும் காலியாக இருந்ததை, வந்த வேகத்தில் அவர் கவனிக்கவில்லை. உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் டீச்சர் வந்துவிட்டார்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்!"

அன்றிலிருந்து இருவரும் எலியும் பூனையும்தான். அவர் மின்விசிறியைப் போட்டால் டீச்சர் அணைப்பார். அவர் குறுக்கெழுத்துப் போட்டியை நிரப்பினால், "அஞ்சாவது கட்டம் தப்பு" என்று பின்னாலிருந்து குரல் வரும். சாப்பாட்டு மேஜையில் தன்னைப் பற்றி ஏதோ பேசுகிறார்கள் என்று தெரிந்ததும், அறையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டோடு கிளம்பி வந்துவிட்டார். பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

கடைசியில் டீச்சரே ஒரு வழி சொன்னார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கேரம் ஆடுவோம். ஜெயிக்கிறவங்களுக்கு நாற்காலி. தைரியம் இருக்கா?"

"எனக்கா இல்ல?"

பிறகு டிரைவர் மதியத் தூக்கத்தையே மறந்தார். பல் டாக்டரைப் பிடித்து இழுத்துவந்து எதிரே உட்கார வைத்து, விரல் வலிக்க வலிக்கப் பழகினார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். "பெட்டியை எடுத்துட்டு வரட்டுமாப்பா?"

"என்ன பெட்டி?"

"வீட்டுக்குப் போறதுக்கு..."

"நல்ல நேரம் பார்த்து வந்தே! சாயங்காலம் ஆட்டம் இருக்கு. இப்பக் கிளம்பினா, தோத்துடுவேன்னு பயந்து ஓடிட்டார்னு அந்த டீச்சரம்மா ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்க மாட்டாங்களா?"

மகள் பதறினாள். "யாராவது தொந்தரவு பண்றாங்களாப்பா? ஆபீஸ்ல சொல்லட்டுமா?"

"சொல்லித்தான் பாரேன்! இது எங்க சண்டை. நீ நடுவுல வராதே."

அப்பா இப்படி மூச்சு விடாமல் பேசி எவ்வளவு நாளாயிற்று! மகளுக்குக் கண் கலங்கியது. ஆட்டம் பார்க்க அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பலகையில் சிவப்பும் ஆளுக்கொரு காயும் மிச்சமிருந்தபோது, குழி வாசலில் நின்ற சிவப்பை டீச்சர் கோட்டைவிட்டார். டிரைவர் அதைச் சுண்டி உள்ளே தள்ளினார். அடுத்த அடியிலேயே தன் கடைசிக் காயையும் தள்ளி அதற்கு ஃபாலோவும் போட்டார். கூடம் அதிர்ந்தது. பல் டாக்டர் பொக்கை வாயால் விசிலடிக்கப் பார்த்து வெறும் காற்றை ஊதினார். எல்லாரையும்விட உரக்கக் கை தட்டியவர் தோற்றுப்போன டீச்சர்தான். அன்றிரவு டிரைவர் பெட்டியைப் பிரித்துச் சட்டைகளை அலமாரியில் அடுக்கினார்.

மறுநாள் காலை, வென்ற நாற்காலியில் ராஜாவாட்டம் உட்காரலாம் என்று வந்தவருக்கு ஏமாற்றம். அதில் யாரோ புதியவர் மடியில் பையை அணைத்தபடி, ஜன்னலை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து வந்தவரு. இன்னும் ஒரு வார்த்தை பேசல" என்று டீச்சர் காதோரம் சொன்னார்.

"பாவம், உட்காரட்டும். நான் வேற நாற்காலி பார்த்துக்கறேன்."

"நல்லாயிருக்கு! அந்த நாற்காலி என்னைக்கு சார் ஒருத்தருக்குச் சொந்தமா இருந்துச்சு? நான் வாயடைச்சுக் கிடந்தப்போ பல் டாக்டர் வந்து சண்டை போட்டார், நீங்க வந்தப்போ என் முறை... போங்க, இப்ப உங்க முறை!"

டிரைவர் திகைத்து நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

"எந்திரிங்க சார், அது என் நாற்காலி!"