மேடேறாத எலெக்ட்ரிக் சைக்கிள்

"நீ பாகமெல்லாம் பூட்டின சைக்கிள்தானேம்மா இது? டக் டக்னு சத்தம், மேட்டுல பவரே இல்ல. முதலாளிகிட்ட சொல்லி உன்னை வேலைய விட்டு நிப்பாட்டுறேன்," என்றார் தணிகாசலம். பாச்சாங்கில் இருந்த எங்கள் சைக்கிள் கடையே திரும்பிப் பார்த்தது.

பேட்டரியைக் கழற்றினேன். உள்ளே மின்முனைகளில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்தன. கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழம் சக்கரக் கம்பியில் இடித்துக்கொண்டிருந்தது.

"யாரு சார் இப்படிச் செஞ்சது?"

"நான்தான். புது வண்டிக்குப் பூசை போட வேணாமா?"

"பேட்டரிக்குள்ளயுமா?"

"அங்கதானேம்மா சக்தியே இருக்கு."

எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துவிட்டு, மின்முனைகளைத் துடைத்து, பேட்டரியைப் பூட்டிக் கொடுத்தேன். எதிரிலிருந்த மேட்டில் சத்தமில்லாமல் ஏறி இறங்கி வந்தார்.

"கெட்டிக்காரிலா நீ. யாரும்மா இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்க இல்ல, சார்."

பள்ளியில் நான்காம் படிவத்தில் எங்களுக்கு இயற்பியல் ஆசிரியர் அவர்தான். 'எஸ்டேட் பிள்ளைக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது' என்று முதல் வாரமே என்னைக் கணக்கியல் வகுப்புக்கு மாற்றிவிட்டவரும் அவர்தான்.