பன்னிரண்டு பை

"இந்த போட்டோவைப் பாத்தா எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வருது. இதுக்கு மேல எவனாவது காலைல இட்லி தின்பானா?"

தாவீது செல்போனை மேஜைமேல் விட்டெறியாத குறையாக வைத்தார். படத்தில் மலையடிவாரச் சரணாலயத்தின் ஓடைக்கரை. எச்சில் தட்டுகள், கடித்துத் துப்பிய எலும்பு, யாரோ சுருட்டி எறிந்த டயப்பர், எல்லாவற்றின் மேலும் ஈ.

சங்கரன்கோவிலில் அவருடைய பெயிண்ட் கடைக்குள், காலை நடைக் குழுவினர் எட்டுப் பேரும் ஸ்டூலிலும் கவிழ்த்துப் போட்ட வாளிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் சரணாலயத்துக்குள் ஒரு சின்ன நடை போவதாகத் திட்டம். மூன்று கிலோமீட்டர், ஏற்றமே கிடையாது, முட்டுவலிக்காரர்களும் கதை பேசிக்கொண்டே நடந்துவிடலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. குழுவுக்குப் பொறுப்பாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், உள்ளே ஒரு மிட்டாய்த் தாள் விழுந்தாலும் அவரைத்தான் கேட்போம் என்று வனக்காவலர் சொல்லிவிட்டார். அந்தக் கையெழுத்து தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று தாவீதுக்கு இரண்டு மாதமாக ஆசை. ஜவுளிக்கடை கணேசனுக்கும் அதே ஆசை உண்டு என்பதுதான் சிக்கல்.

"ஒரு அண்டா பிரியாணி மட்டும் கொண்டு போயிருவோம். ஓடைக்கரையில உக்காந்து பேப்பர் தட்டுல தின்னா அது ஒரு தனி ருசி," என்றார் கணேசன்.

தாவீதின் முகம் வேப்பங்காயைக் கடித்தது போலச் சுருங்கியது. "ஏன்வே, தின்னுட்டு தட்டை எங்கன போடுவீரு?"

"அங்கனயே ஒரு ஓரமா..."

"அந்த ஓரத்தைத்தான் போன வாரம் நான் கையால அள்ளிக்கிட்டு வந்தேன்!"

தாவீது சொன்னது பொய்யில்லை. பாதையைப் பார்த்து வரலாமென்று தனியாகக் காரில் போனவருக்கு, அந்த அசிங்கத்தைப் பார்த்தபின் சும்மா திரும்ப மனம் வரவில்லை. மகள் கல்யாணத்தில் மிஞ்சிய ஊதா நிறத் தாம்பூலப் பைகள் டிக்கியில் கிடந்தன. அவற்றில் பன்னிரண்டு பை நிறைய அள்ளிக் கட்டி, காரில் ஏற்றிவிட்டார். வனக்காவலரே கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தப் பைக்கு ஒரு கதை உண்டு. ஒரு பக்கம் 'வருகைக்கு நன்றி: தாவீது, ஜாய்ஸ் இல்லத் திருமணம்'. மறுபக்கம் கடையின் பெயரும் தாவீதின் செல் நம்பரும். கல்யாணப் பையிலுமா விளம்பரம் என்று மனைவி ஜாய்ஸ் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்த நாத்தத்தை எப்படி அண்ணாச்சி தாங்குனிய?" என்றாள் கோகிலா டீச்சர்.

"எங்க தாங்குனேன்? வழியில ரெண்டு தடவை வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன்."

மாடியிலிருந்து டீயோடு இறங்கிய ஜாய்ஸ், "அதை ஏன் டீச்சர் கேக்குதீங்க? வீட்டுக்கு வரும்போது டிக்கி காலி. நாத்தம் மட்டும் போவல. மூணு நாளா பினாயிலு ஊத்திக் கழுவுதேன்," என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். தாவீது சிரிக்கவில்லை. மனிதர்களை நினைத்தாலே அவருக்கு அன்று குமட்டியது.

"தன் அழுக்கை அடுத்தவன் எடத்துல கொட்டுதவனை என்ன செய்யணும் தெரியுமா? அபராதமெல்லாம் போடப்படாது. அவன் கொட்டுனதை அப்படியே அள்ளிக் கொண்டாந்து, அவன் நடுவீட்டுல கொட்டணும். அப்பத்தான் அந்தச் சவத்துக்குப் புத்தி வரும்!"

யாரோ கைதட்டினார்கள். கணேசன்கூடத் தலையாட்டினார்.

"இதுக்கு மேல பேச்சே வேண்டாம். பொறுப்பு நீங்கதான் அண்ணாச்சி," என்று கோகிலா விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

தாவீது சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். அப்போது வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. தோளில் துண்டு போட்ட ஒருவர் இறங்கினார். கையில் ஊதா நிறத் தாம்பூலப் பை.

தாவீதின் முகம் அன்று முதல்முறையாக மலர்ந்தது. ஜாய்ஸைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார். "பாத்தியா, பையைப் பாத்து ஆளு வருது! வாங்க தம்பி, உக்காருங்க. வீட்டுக்குப் பெயிண்டா?"

"பெயிண்டு இல்லீங்க. பையில இருந்த நம்பருக்கு அடிச்சேன், எடுக்கல. அதான் கடைப் பேரை விசாரிச்சு நேர்ல வந்துட்டேன்."

வந்தவர் சத்தமே போடாமல் பேசினார். கோகிலா மெல்ல முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"எந்த ஊரு தம்பி?"

"கரிவலம்வந்தநல்லூரு. பேரு பாண்டியராஜ். ஆடு மேய்க்கேன். சினையாடு ஒண்ணு இதுல உள்ள பிளாஸ்டிக்கைத் தின்னு வயிறு ஊதிப் படுத்திருக்கு."

தாவீதின் பேனா தாள்மேல் அப்படியே நின்றது.

பாண்டியராஜ் கையிலிருந்த பையை மேஜைமேல், விண்ணப்பத்துக்குப் பக்கத்தில், மெதுவாக வைத்தார்.

"எங்க கம்மாயில போட்டுட்டு வந்துட்டியளே அண்ணாச்சி. மிச்சம் பதினொண்ணும் ஆட்டோவுல இருக்கு, எங்கன எறக்கட்டும்?"